மால்டாவின் செயிண்ட் ஆஞ்செலோ கோட்டைக்குள் இருக்கும் சிற்றாலயத்தின் வரலாறு என்ன?

மால்டாவை ஆண்ட மாவீரர்களே இதைக் கட்டினார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த மாவீரர்கள், அதாவது கத்தோலிக்கத் துறவிப் படையான புனித யோவான் சபை வீரர்கள், 1530ல் மால்டாவுக்கு வந்தபோதே, துறைமுகத்தைப் பார்த்து நின்ற அந்தப் பழைய அரணுக்குள் மாதாவுக்கு ஒரு சின்னக் கோயில் இருந்தது. அதைப் பெரிதாக்கி, புனித அன்னாள் பெயரை வைத்தது சபை. ரோட்ஸ் தீவைத் துருக்கியரிடம் இழந்து, எட்டு வருடம் நிலையான இடமின்றி அலைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! அவர்களை அழைத்து வந்த தலைவர் லில் ஆதாம் 1534ல் இறந்ததும் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். அப்புறம் தலைநகர் வலேட்டாவுக்கு மாறியபின், அவர் எலும்புகளும் அங்குள்ள புனித யோவான் ஆலயத்துக்குப் போயின.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது உள்ளே கூரையைத் தாங்கும் ஒற்றைத் தூண். இளஞ்சிவப்புக் கிரானைட். மால்டாவில் கட்டடங்களுக்கு அதிகம் பயன்படுவது வெட்ட எளிதான மஞ்சள் சுண்ணாம்புக்கல்தான். கிரானைட் அந்த மண்ணில் கிடையாது. ஆக, அந்தத் தூண் கடல் கடந்து வந்திருக்க வேண்டும். இதே இடத்தில் முன்பு இருந்ததாகச் சொல்லப்படும் ஒரு பழங்கோயிலின் மிச்சம் அது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை.

1565ல் துருக்கியர் மால்டாவை முற்றுகையிட்டபோது சபையின் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். பிறகு பிரெஞ்சுக்காரர்கள், அவர்களுக்குப் பின் பிரிட்டிஷ் கடற்படை. 1979ல் பிரிட்டிஷார் வெளியேறினார்கள். 1998ல் மால்டா அரசு போட்ட ஒப்பந்தப்படி, கோட்டையின் மேற்பகுதி 99 ஆண்டுகளுக்கு மறுபடியும் அதே சபையின் கையில். ஆலயமும் அதில் சேர்த்திதான்.