விறகு வெட்டி விற்றால் நிலத்தில் மரம் குறைந்துவிடாதா?

வேரோடு தோண்டினால் குறையும். ஆனால் வறண்ட நில விவசாயிகள் பலர் விறகு எடுப்பது மறுதழைவிலிருந்து. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் கிளம்பும் துளிர்களுக்குத்தான் அந்தப் பெயர்.

மேலே மொட்டைக் கட்டையாகத் தெரிந்தாலும், கீழே ஆழமாக இறங்கிய வேரில் சேமித்த சத்து இருக்கிறது. மழையில்லாத மாதத்தில் புதிதாக நட்ட கன்று வாடும். பழைய வேரோ தண்ணீரை எட்டிப் பிடித்துவிடும். வேர்தான் முதல், கிளை அதன் வட்டி. வட்டியை எடுத்துச் செலவழிக்கலாம், முதலில் கை வைத்தால் போச்சு.

ஒரு கட்டையில் இருபது துளிர் புதர்போல் மண்டும். நேராக நிற்கும் நாலைந்தை விட்டுவிட்டு மற்றதைக் கூர்மையான கத்தியால் வெட்ட வேண்டும். (மொண்ணைக் கத்தி பட்டையைக் கிழித்துவிடும்.) வெட்டிய குச்சிகளே முதல் விறகு. அப்புறம் வருடாவருடம் ஒரு தண்டை எடுத்து, பதிலுக்கு ஒரு புதுத் துளிரை விடலாம். விளைச்சல் பொய்த்த வருடத்தில் கைக்குப் பணம் வரும் வழி இது.

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் 1980களில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் இந்த முறையைப் பரப்பினார். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. மரம் அரசுக்குச் சொந்தம் என்றிருந்தவரை அங்கே துளிரைக் காக்க விவசாயிகளுக்குப் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. என்னைக் கேட்டால் மரம் தனக்குச் சொந்தம் என்ற உரிமைதான் பாதி விஷயம்.

மரம் பெருக்குவது என்றாலே கன்று நடுவது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே ஒரு கன்றுகூட நட வேண்டியதில்லை, ஆடுமாடு கடிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.