தறி ஆட்டத்தில் கரண்ட் எடுக்கலாமா?

கோவையில் ஒரு ஆய்வகத்தில் பீசோ (அழுத்தினால் மின்சாரம் தருவது), பெர்ரோ (மின்புலம் கொடுத்தால் உள்ளே மின்திசை திரும்பி நிற்பது) பீங்கான் வில்லைகளைச் சுட்டெடுப்பதுதான் என் பிழைப்பு. இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

பல்லடத்திலிருந்து ஒரு தறிக்காரர்: பதினாறு தறி ஓடுது, பட்டறையே அதிருதுங்க. அடியில பீசோ வெச்சா கரண்ட் பில் குறையுமா?

குறையாதுங்க. பீசோவை அழுத்தினால் வோல்ட் எக்கச்சக்கமாக வரும், ஆம்பியர் வராது. கேஸ் லைட்டரில் ஒரு குட்டிச் சுத்தி பீசோ துண்டைத் தட்ட, ஆயிரக்கணக்கான வோல்ட்டில் பொறி பறக்கிறது. அதை வைத்து ஒரு பல்பை ஒரு நிமிடம் எரிக்க முடியுமா? தறி அதிர்வில் தேறுவது மில்லிவாட் கணக்கு. அந்த அதிர்வும் உங்கள் மோட்டார் தின்ற கரண்ட்தான். பேரிங் தேய்வதை முன்னாடியே காட்டும் சென்சாராக வையுங்கள், காசுக்குத் தகும்.

ஈரோட்டிலிருந்து ஒரு மாணவி: அண்ணா, காலடி மின்சார ப்ராஜெக்டுக்கு பஸ்ஸருக்குள்ள இருக்கற பீசோ வில்லை இருபது வாங்கினேன். சால்டர் பண்ணினதும் பாதி செத்துப்போச்சு.

சூட்டில் செத்திருக்கும் அம்மிணி. சுட்டெடுத்த வில்லைக்குள் மின் இருமுனைகள் (ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ்) திசைக்கொன்றாகக் கிடக்கும். சூடான எண்ணெயில் முக்கி, ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மூன்றாயிரம் வோல்ட் கொடுத்தால்தான் ஒரே பக்கம் திரும்பும். கியூரி வெப்பநிலையைத் தாண்டினால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். பேரியம் டைட்டனேட் என்ற பீசோ பீங்கானுக்கு அது சுமார் 120 டிகிரிதான். பஸ்ஸரில் இருக்கும் ஈயம் கலந்த பீங்கான் இன்னும் தாங்கும், ஆனாலும் 350 டிகிரி சால்டர் முனையை அழுத்திப் பிடித்தால் எது பிழைக்கும்? ஒரு நொடியில் தொட்டு எடு. ஒரு ஒயரைப் பித்தளை ஓரத்தில் வை. அப்புறம், ஒவ்வொரு வில்லைக்கும் தனியாக ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (கரண்ட்டை ஒரே திசையில் விடும் டயோடு அமைப்பு) போடு. எல்லாம் ஒரே நேரத்தில் மிதிபடாது, ஒன்றையொன்று தின்றுவிடும்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. நாலு நாள் அரைத்துச் சுட்ட வில்லைக்கு வோல்ட் ஏற்றும்போது 'டப்' என்றது. எடுத்துப் பார்த்தால் நடுவில் ஊசிமுனை அளவு கருப்பு ஓட்டை. உள்ளே காற்றுத் துளை இருந்திருக்கிறது. அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

நாமக்கல்: கோழி ஷெட்டுக்கு வெச்ச சென்சார் அலாரம் சித்திரையில மட்டும் ஆளைக் கண்டுக்க மாட்டேங்குது?

அது பைரோ வகை. வெப்பம் மாறினால்தான் மின்சாரம் பிறந்து பேசும். சுவரும் தரையும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டால் ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் நேராக வராமல் குறுக்கே கடக்கும்படி மாட்டுங்கள், கொஞ்சம் தேறும்.

கரூர்: பெர்ரோன்னா உள்ள இரும்பா?

இரும்பே இல்லை. காந்தப் புலத்தில் இரும்பு நடந்துகொள்வதுபோல் மின்புலத்தில் ரோஷெல் உப்பு என்ற படிகம் நடந்துகொள்வதை 1920-இல் அமெரிக்க இயற்பியலாளர் வாலசெக் கண்டார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

காங்கேயத்துக் கல் வியாபாரி: எங்க பக்கத்து பெரில் கல்லுல இந்தச் சமாச்சாரம் உண்டுங்களா?

இல்லைங்க. அதன் அணு அடுக்கு மையத்துக்கு இருபுறமும் சமச்சீர், மின் இருமுனை பிறக்க வழியில்லை. குவார்ட்ஸில் உண்டு, கொடுமணல் அகழாய்வில் கிடைத்த குவார்ட்ஸ் மணியும் பீசோதான், ஆனால் பைரோ இல்லை. டூர்மலின் இரண்டும். சூடான டூர்மலின் சாம்பலை இழுப்பதை இலங்கையிலிருந்து கல் கொண்டுபோன டச்சுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். நீங்களும் செய்து பார்க்கலாம், விலை போகாத துண்டில் மட்டும். சூட்டில் விரிசல் விடும்.