ரிஃபார்மர் பிலாட்டிஸா, பார் பயிற்சியா? – வாசகர் கேள்வி பதில்

வயது 38. ஐ.டி. வேலை. உட்கார்ந்தே இருப்பதால் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. பக்கத்து ஸ்டூடியோவில் ரிஃபார்மர் பிலாட்டிஸ் (ஸ்பிரிங் கருவியில் செய்யும் உடற்பயிற்சி), பார் (கம்பியைப் பிடித்து நின்று செய்யும் பயிற்சி) இரண்டும் நடக்கின்றன. எதில் சேரலாம்?
– வாசகி, சென்னை

ரிஃபார்மரில் சேருங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ மட்டும் முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும் பலகை, அதை இழுத்துப் பிடிக்கும் நான்கைந்து ஸ்பிரிங், காலால் உதைக்க ஒரு கம்பி, கை கால் மாட்ட இரண்டு கயிறு. ரிஃபார்மர் என்பது இவ்வளவுதான். மல்லாந்து படுத்து உதைக்கும்போது உடல் எடை முதுகெலும்பின் மேல் இறங்குவதில்லை. தொடையும் பிட்டமும் உழைக்க, இடுப்பு அசையாமல் நிற்கப் பழகுகிறது. முட்டி போட்டு ஒரு காலைப் பலகையோடு பின்னால் தள்ளும் பயிற்சியில், உட்கார்ந்தே இறுகிப்போன தொடையின் முன்பக்கம் நன்றாக நீளும்.

பலகை திரும்பி வரும்போது ‘டக்’கென்று முட்டினால், ஸ்பிரிங்தான் உங்களை இழுத்து வந்திருக்கிறது, தசை வேலை செய்யவில்லை. தள்ள இரண்டு எண்ணிக்கை என்றால், திரும்ப நான்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்கைக் குறைத்தால் எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். படுத்து உதைப்பதற்கு அது சரி. அதற்குப் பெரும்பாலும் மூன்று, நான்கு ஸ்பிரிங் போடுவார்கள். பலகையில் கையோ காலோ ஊன்றி பிளாங்க் (உடலை நேர்கோடாகத் தாங்கி நிற்பது) செய்யும்போது நேர்மாறு. ஸ்பிரிங் குறையக் குறையப் பலகை வழுக்கும், அதை அடக்கும் சுமை முழுக்க வயிற்றுக்கு வந்துவிடும். ஸ்பிரிங் நிறங்களும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் நிறத்தை மனப்பாடம் செய்யாமல், எது கனமானது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நின்று செய்யும் பயிற்சிக்கு ஏறும்போது அசையாத மேடையில்தான் முதல் கால். இறங்கும்போது அந்தக் கால்தான் கடைசி. விழுபவர்கள் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்தவர்கள்.

பார் உங்களுக்கு ஆகவே ஆகாது என்றில்லை. ஆனால் அதில் வால் எலும்பை உள்ளே மடக்கச் சொல்வார்கள். ஏற்கெனவே பிடித்திருக்கும் முதுகை மேலும் அழுத்தி மடக்கினால் வலி கூடும். மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்.

பரதநாட்டியம் ஆடுகிறேன். வயது 24. அரைமண்டி பழகியவர்களுக்கு பார் எளிதாக வருமா?
– வாசகி, தஞ்சாவூர்

வரும். அதனாலேயே உங்களுக்கு அது இரண்டாம் பட்சம். லாட்டே பெர்க் என்ற ஜெர்மன் நடனக் கலைஞர் 1959-ல் லண்டனில் தொடங்கிய பயிற்சி இது. வேர் பாலே என்ற ஐரோப்பிய நடனத்தில் இருக்கிறது. கம்பியைப் பிடித்து, கால்களை வெளிப்பக்கம் திருப்பி, முட்டியை மடக்கி, ஓர் அங்குலம் கீழே, ஓர் அங்குலம் மேலே என்று தொடை நடுங்கும்வரை செய்வார்கள். அரைமண்டியில் தினமும் உழைக்கும் அதே தசைகள், அதே திருப்பம், அதே முட்டி.

உங்களிடம் குறைவாக இருப்பது, பாதங்கள் நேராக இருக்கும்போது வரும் பலம். அது ரிஃபார்மரில் கிடைக்கும். பாதங்களை இணையாக வைத்து உதைக்கும்போது முட்டி இரண்டாவது கால்விரலின் நேரே போகிறதா என்று பாருங்கள். உள்ளே சாய்ந்தால், அரைமண்டியிலும் இடுப்பிலிருந்து திரும்பாமல் பாதத்தை மட்டும் திருப்புகிறீர்களோ என்று சோதிக்க வேண்டும். தட்டடவு ஆடியபின் முட்டியின் உள்பக்கம் வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார் வகுப்புக்குப் போனால், நடுவில் விரல்களைக் கம்பியிலிருந்து தூக்கிப் பாருங்கள். தடுமாறினால் உங்கள் எடையைக் கம்பி சுமந்துகொண்டிருக்கிறது.

வயது 61. எலும்பு தேய்மானம் (ஆஸ்டியோபோரோசிஸ்) என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. மகள் இரண்டில் ஒன்றுக்குப் போகச் சொல்கிறாள்.
– வாசகி, மதுரை

குழு வகுப்பு வேண்டாம் அம்மா. தனி வகுப்பாகத் தொடங்குங்கள். பிலாட்டிஸில் தலையைத் தூக்கி முன்னால் வளைகிற ‘ஹண்ட்ரெட்’, ‘ரோல் அப்’, இடுப்பைத் தலைக்கு மேல் தூக்குகிற பயிற்சிகள் மூன்றையும் விட்டுவிடச் சொல்லுங்கள். பலமிழந்த முதுகெலும்பு முன்பக்கமாக நசுங்க இந்த வளைவே போதும். பார் பயிற்சியில் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக்காலில் நிற்பது இரண்டும் தடுமாறாமல் நடக்க உதவும். எலும்புக்குத் தேவையான எடைப் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் பார்வையில் தனியாகச் செய்யுங்கள். பயிற்றுநர் ஸ்கேன் முடிவைக் கேட்காமலே வகுப்பைத் தொடங்கினால் வேறு இடம் பாருங்கள்.

எடை குறைய எது நல்லது?
– வாசகர், திருச்சி

இரண்டும் அதற்கானவை அல்ல. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரம் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற பயிற்சி, அதோடு 2 நாள் தசைப் பயிற்சி. அந்த 2 நாளில் இவற்றில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நடையும் சாப்பாட்டு அளவும் மாறாமல் வகுப்புக்கு மட்டும் பணம் கட்டினால் தராசு முள் பெரிதாக நகராது.