தூக்கமும் மயக்க மருந்தும்: மூளைக்கு இரண்டும் ஒன்றா?

ஆபரேஷனுக்கு முன் 'தூங்க வைக்கப் போகிறோம்' என்று டாக்டர் சொல்வது நம் பயத்தைக் குறைக்கத்தான். உண்மையில் அது தூக்கம் இல்லை.

தூக்கம் மூளை தானே நடத்தும் வேலை. ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக மாறி மாறி வரும். அன்றைய நினைவுகள் அப்போது அடுக்கப்படுகின்றன. காதும் முழுக்க மூடிவிடுவதில்லை. குழந்தை சிணுங்கினால் அம்மா விழித்துக்கொள்கிறாள் அல்லவா?

முழு மயக்கம் மருந்தால் வரவழைக்கப்படும் நிலை. புரோபோஃபால் போன்ற மருந்து, நரம்பு செல்களை அடக்கும் 'காபா' என்ற ரசாயனத்தின் பிடியை இறுக்குகிறது. மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது குலைகிறது. மருந்து ரொம்ப ஆழமாகப் போனால், மூளையின் மின் அலைகள் விட்டு விட்டு அடங்கிவிடும். ஆரோக்கியமான தூக்கத்தில் இப்படி ஆகாது.

ராத்திரி நேர அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். விளக்கு அணைந்திருக்கும், ஆனால் காவலாளி இருப்பார், உள்ளே யாரோ கோப்புகளை அடுக்கிக்கொண்டிருப்பார். கதவைத் தட்டினால் திறப்பார்கள். அது தூக்கம். மயக்கத்தில் அறைக்கு அறை தொலைபேசிக் கம்பி துண்டிக்கப்பட்டிருக்கும். எவ்வளவு தட்டினாலும் செய்தி உள்ளே பரவாது. கத்தி பட்டும் எழாததற்குக் காரணம் அதுதான்.

அப்புறம், ஒரு ஊசி போட்டுவிட்டு மயக்க மருத்துவர் போய்விடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஆபரேஷன் முடியும்வரை கூடவே இருந்து, மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பார்.