தரவுத்தளம் நிறுவியாயிற்று, உள்ளே விடமாட்டேன் என்கிறது: கேள்வி பதில்

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள்கள் இரண்டில் ஒன்றை நிறுவிய முதல் சில நாட்களில் வரும் சிக்கல்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். கேட்கும்போது பதிப்பு எண், இயங்குதளம், பிழைச்செய்தியின் முழு வரி மூன்றையும் எழுதுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் என்னால் உதவ முடியாது.

கே: உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் நிறுவினேன். அதன் கட்டளை வரி நிரலைத் திறக்க 'பிஎஸ்கியூஎல் -யூ போஸ்ட்கிரெஸ்' என்று தட்டினால் 'பியர் அதென்டிகேஷன் ஃபெயில்ட்' என்கிறது. நிறுவும்போது பாஸ்வேர்டே கேட்கவில்லை. இப்போது எதைக் கொடுப்பது?

ப: கொடுக்க எதுவும் இல்லை. உபுண்டு, டெபியன் பேக்கேஜ்களில் போஸ்ட்கிரெஸ் என்ற சூப்பர்யூசருக்கு (எல்லா உரிமையும் உள்ள பயனர்) பாஸ்வேர்டு வைப்பதே கிடையாது. அதே கணினியிலிருந்து யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் பாதை) வழியாக வருபவரை 'பியர்' முறை சோதிக்கிறது. லினக்ஸில் நீங்கள் எந்தப் பயனரோ, அந்தப் பெயரில்தான் உள்ளே போகலாம். ஆகவே 'சூடோ -யூ போஸ்ட்கிரெஸ் பிஎஸ்கியூஎல்' என்று தட்டுங்கள்.

உள்ளே போனதும் உங்கள் லினக்ஸ் பெயரிலேயே ஒரு ரோலும் (தரவுத்தளப் பயனர்) ஒரு டேட்டாபேஸும் உருவாக்கிவிடுங்கள். அதன்பின் வெறும் 'பிஎஸ்கியூஎல்' போதும். உங்கள் செயலி டிசிபி (நெட்வொர்க் இணைப்பு) வழியாக, அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 முகவரிக்கு வருமென்றால் அதற்குத் தனி ரோல், தனிப் பாஸ்வேர்டு. அதை பிஎஸ்கியூஎல்-இன் '\பாஸ்வேர்டு' கட்டளையால் வையுங்கள். 'ஆல்டர் ரோல்' வரியில் நேராக எழுதினால், பிஎஸ்கியூஎல்-இன் வரலாற்றுக் கோப்பில் அது அப்படியே பதிந்துவிடும்.

கே: மைஎஸ்கியூஎல் 8. ரூட் பயனருக்கு 'ஆக்சஸ் டினைட்'.

ப: உபுண்டு பேக்கேஜ் என்றால் 'சூடோ மைஎஸ்கியூஎல்'. அங்கே ரூட்டுக்கு 'ஆத்_சாக்கெட்' முறை. மேலே சொன்ன பியரின் உறவுதான். மைஎஸ்கியூஎல்-இன் சொந்த ஆர்பிஎம் பேக்கேஜ் என்றால், முதல் முறை தொடங்கும்போதே ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டு உருவாகி மைஎஸ்கியூஎல்டி லாகில் எழுதப்பட்டிருக்கும். 'டெம்பரரி பாஸ்வேர்டு' என்று அந்த லாகில் தேடுங்கள். நுழைந்ததும் அதை மாற்றாமல் வேறு எந்தக் கட்டளையும் ஓடாது.

கே: போஸ்ட்கிரெஸ் 16. டேட்டாபேஸ் மீது 'கிராண்ட் ஆல்' கொடுத்த பிறகும் டேபிள் உருவாக்கினால் 'பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்'. பழைய சர்வரில் இதே ஸ்கிரிப்ட் ஓடியது.

ப: பழைய சர்வர் 14 அல்லது அதற்கு முந்தையதாக இருக்கும். 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்து, பப்ளிக் ஸ்கீமாவில் (ஸ்கீமா என்பது டேட்டாபேஸுக்குள் டேபிள்களைத் தொகுக்கும் பிரிவு) யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்ற பழைய அனுமதி எடுக்கப்பட்டுவிட்டது. டேபிள் உருவாக்கும் உரிமை ஸ்கீமாவைச் சேர்ந்தது. டேட்டாபேஸ் மீது எத்தனை கிராண்ட் கொடுத்தாலும் அது ஸ்கீமாவுக்குள் இறங்காது. செயலியின் ரோலையே அந்த டேட்டாபேஸின் ஓனராக்குங்கள். 15 முதல் பப்ளிக் ஸ்கீமாவின் உரிமை டேட்டாபேஸ் ஓனருக்குத் தானாகவே சேரும்.

கே: பியர் அதென்டிகேஷன் ஃபெயில்ட் என்று வருகிறது, என்ன செய்ய?

ப: முதல் பதில்.

கே: அலுவலக நெட்வொர்க்கில் இன்னொரு கணினியிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு இணைய முடியவில்லை.

ப: பிழைச்செய்தியே இடத்தைக் காட்டும். 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால் பெரும்பாலும் சர்வர் அந்த முகவரியில் இணைப்புக்காகக் காத்திருக்கவே இல்லை: 'லிசன்_அட்ரசஸ்' இயல்பாக லோக்கல்ஹோஸ்ட் மட்டும்தான். அதில் சர்வரின் உள் முகவரியைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், ரீலோடு போதாது. பதிலே வராமல் டைம்அவுட் ஆனால் ஃபயர்வாலைப் பாருங்கள், போர்ட் 5432. 'நோ பிஜி_எச்பிஏ.கான்ஃப் என்ட்ரி' என்றால் சர்வர் வரை வந்துவிட்டீர்கள், அனுமதி வரிதான் இல்லை. யார் எங்கிருந்து எப்படி நுழையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ.கான்ஃப் கோப்பில், 10.0.0.0/24 போல உங்கள் நெட்வொர்க்குக்கு மட்டும் ஒரு வரி சேர்த்து ரீலோடு செய்யுங்கள்.

அந்தக் கோப்பு மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் வரியே முடிவு; அதில் தோற்றால் அடுத்த வரிக்குப் போகாது. எல்லா முகவரிகளையும் குறிக்கும் 0.0.0.0/0 என்று எழுதி 5432-ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் டனல் அல்லது விபிஎன் (இரண்டும் மறைகுறியாக்கிய பாதைகள்).

கே: நான் எச்பிஏ கோப்பில் எல்லா வரியையும் 'டிரஸ்ட்' என்று மாற்றிவிட்டேன், தொல்லை தீர்ந்தது. சொந்த லேப்டாப்தானே, தப்பா?

ப: தப்புதான், இன்றே மாற்றுங்கள். டிரஸ்ட் என்றால் வருபவர் என்ன பெயர் சொன்னாலும் நம்பிவிடுவது. 'நான் போஸ்ட்கிரெஸ்' என்று சொன்ன நிரல் சூப்பர்யூசர் ஆகிவிடும். சூப்பர்யூசரால் 'காப்பி... ஃப்ரம் புரோகிராம்' வழியாக இயங்குதளக் கட்டளைகளையே ஓட்ட முடியும், 9.3 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு.

இன்னொருவர்: என் பயனரில் ஓடும் நிரல் என் கோப்புகளை ஏற்கெனவே படிக்கலாமே. டிரஸ்ட்டால் கூடுதலாக என்ன போய்விடும்?

ப: உங்கள் பயனரிலேயே ஓடும் நிரல் என்றால் கூடுதல் இழப்பு குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிரஸ்ட் அந்தப் பயனரோடு நிற்பதில்லை. உங்கள் கோப்புகளைத் தொடவே முடியாத, வேறு பயனரில் ஓடும் வெப் சர்வர்கூட இந்த வழியில் சூப்பர்யூசர் ஆகும். இதே கோப்பு சர்வருக்குப் போனால் இன்னும் மோசம். எஸ்எஸ்எச் டனலில் வருபவர் சர்வரின் கண்ணுக்கு 127.0.0.1-இலிருந்து வருபவராகவே தெரிவார். சாதாரண ஷெல் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் முழுத் தரவுத்தளமும் திறந்துவிடும்.

இன்னொருவர்: பியரும் பாஸ்வேர்டு கேட்பதில்லை. அது மட்டும் எப்படிப் பாதுகாப்பு?

ப: பியரில் உங்கள் பெயரைச் சொல்வது நீங்கள் அல்ல, கெர்னல். சாக்கெட்டின் மறுமுனையில் எந்தப் பயனர் என்று சர்வர் கெர்னலிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது; அங்கே பொய் சொல்ல இடமில்லை. ஆனால் அது சாக்கெட்டுக்கு மட்டும்தான்; டிசிபிக்கும் விண்டோஸுக்கும் கிடையாது. எச்பிஏ கோப்பில் சாக்கெட்டுக்கான 'லோக்கல்' வரிக்கு பியர், டிசிபிக்கான 'ஹோஸ்ட்' வரிகளுக்கு 'ஸ்கிராம்-ஷா-256' என்ற பாஸ்வேர்டு முறை என்று வையுங்கள். உங்களுக்குப் பாஸ்வேர்டு தட்டுவதுதான் தொல்லை என்றால் பியரே அதைத் தீர்க்கும்.

கே: 14 இருந்த கணினியில் 17-ஐயும் நிறுவினேன். உள்ளே போனால் இன்னும் 14-தான் வருகிறது.

ப: டெபியன், உபுண்டுவில் இரண்டாவது பதிப்பு 5433-இல் ஓடும். 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' தட்டினால் தெரியும்.

கே: டிஸ்க் நிறைந்துவிட்டது. டேட்டா டைரக்டரியில் பிஜி_வால் என்ற ஃபோல்டர்தான் பெரிதாக இருந்தது. லாக் என்று நினைத்து உள்ளே இருந்ததை அழித்தேன். இப்போது போஸ்ட்கிரெஸ் தொடங்கவே மாட்டேன் என்கிறது.

ப: முதலில் கையை எடுங்கள். மீண்டும் மீண்டும் தொடங்கிப் பார்க்காதீர்கள். டேட்டா டைரக்டரி முழுவதையும் இப்போது இருக்கும் நிலையிலேயே வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பேக்கப் இருந்தால் அதிலிருந்து மீட்பதுதான் வழி. இல்லையென்றால் மட்டும், அசலை விட்டு நகலின் மீது 'பிஜி_ரீசெட்வால்' ஓட்டலாம். சர்வர் எழுந்துவிடும், ஆனால் உள்ளே பாதி முடிந்த மாற்றங்கள் இருக்கலாம். எழுந்ததும் அதில் எழுத விடாமல் பிஜி_டம்ப்பால் தரவை ஒரு கோப்பாக எடுத்து, 'இனிட்டிபி'யால் புதிதாக உருவாக்கிய கிளஸ்டரில் (புதிய டேட்டா டைரக்டரியில்) ஏற்றிச் சரிபாருங்கள்.

அது அழிக்கக்கூடிய சாதாரண லாக் அல்ல. டேட்டா கோப்புகளுக்குப் போகும் முன் ஒவ்வொரு மாற்றமும் அங்கேதான் எழுதப்படுகிறது. முன்பு அதன் பெயர் பிஜி_எக்ஸ்லாக். லாக் என்று நம்பி அழித்தவர்கள் பலர் என்பதால்தான் 2017-இல் 10-ஆம் பதிப்பில் பெயரை மாற்றினார்கள். அது பெருத்தால் காரணத்தைத் தேடுங்கள்: அந்தக் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்கும், ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கும் 'ஆர்க்கைவ்_கமாண்ட்', அல்லது நகல் சர்வருக்காக அவற்றைப் பிடித்துவைக்கும், யாரும் பயன்படுத்தாமல் விட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட். காரணத்தை நீக்கினால் அடுத்த செக்பாயின்ட்களில் (மாற்றங்கள் டேட்டா கோப்புகளில் எழுதி முடியும் தருணங்கள்) தானே சுருங்கும். டேட்டா டைரக்டரிக்குள் எந்தக் கோப்பையும் கையால் அழிக்காதீர்கள்.

கே: மைஎஸ்கியூஎல்-இல் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் ???? என்று தெரிகின்றன.

ப: சேமிப்பில் பிழையா, காட்டுவதில் பிழையா என்று முதலில் பிரியுங்கள். சேமித்த பைட்டுகளைப் பார்க்க 'செலெக்ட் ஹெக்ஸ்(பெயர்)' ஓட்டுங்கள். 3எஃப் 3எஃப் என்று வந்தால் கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டது, மீட்க முடியாது. ஈ0 ஏஈ அல்லது ஈ0 ஏஎஃப் என்று தொடங்கினால் தமிழ் பத்திரமாக இருக்கிறது. இணைப்பின் கேரக்டர் செட்டை 'யுடிஎஃப்8எம்பி4' ஆக்கினால் போதும். சி3 ஏ0 என்று தொடங்கினால் இருமுறை குறியேற்றம் ஆகியிருக்கிறது, பெரும்பாலும் மீட்கலாம்.

பழைய மூன்று பைட் 'யுடிஎஃப்8' அன்றாடத் தமிழ் எழுத்துகளுக்குப் போதும். எமோஜிக்கும், 2019-இல் யூனிகோடில் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்கு பைட் வேண்டும். 8.0 முதல் எம்பி4-தான் இயல்பு; ஆனால் பழைய டம்பை ஏற்றினால் டேபிள்கள் பழைய கேரக்டர் செட்டையே கொண்டு வரும்.

கே: போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. எச்பிஏ-வை டிரஸ்ட் ஆக்கலாமா?

ப: வேண்டாம். லினக்ஸ் என்றால் முதல் பதிலின்படி நுழைந்து புதிய பாஸ்வேர்டு வையுங்கள்.

கே: மோங்கோடிபி நிறுவிய பிறகு...

ப: என் துறை இல்லை, அது தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கே: டிரஸ்ட் கேள்வி கேட்டவன்தான். நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன். பியர் சரியாக இருக்கிறது, ஆனால் டிசிபி வழியாகப் போகும் பேக்கப் ஸ்கிரிப்ட் இரவில் பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடுகிறது.

ப: நல்லது. ஸ்கிரிப்ட் ஓடும் பயனரின் ஹோம் டைரக்டரியில் '.பிஜிபாஸ்' என்ற கோப்பு வையுங்கள். ஒரே வரி: ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ், பயனர், பாஸ்வேர்டு, இடையே முக்காற்புள்ளி. அனுமதி 0600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) இருக்க வேண்டும். மற்றவர்கள் படிக்கும்படி இருந்தால் போஸ்ட்கிரெஸ் அந்தக் கோப்பை ஒதுக்கிவிட்டு மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். ஸ்கிரிப்டில் '--நோ-பாஸ்வேர்டு' சேர்த்துவிடுங்கள். அப்போது கோப்பில் தவறிருந்தால் இரவெல்லாம் காத்து நிற்காமல் உடனே பிழையோடு முடியும்.