லாப்ரடூடில் வாங்க நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இந்த நாயை யார், எதற்காக உருவாக்கினார்கள்?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், 1980களின் கடைசியில் நடந்தது. பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய் தரும் அமைப்பில், குட்டிகளை உருவாக்கும் பொறுப்பில் இருந்தவர் வாலி கான்ரன். ஹவாயிலிருந்து பார்வையற்ற பெண் ஒருவர் நாய் கேட்டு எழுதினார். அவர் கணவருக்கோ நாய் என்றாலே அலர்ஜி. முடி அதிகம் கொட்டாத பூடில் இன நாய்களை கான்ரன் வருடக்கணக்கில் பழக்கிப் பார்த்தார். ஒன்றுகூட அந்த வேலைக்குத் தேறவில்லை. கடைசியில் லாப்ரடார் இன நாயையும் பூடிலையும் இணைத்தார். அந்தக் கலப்புதான் லாப்ரடூடில். மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின. கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி, சுல்தான். ஒரே ஈற்றில் பிறந்த மற்ற இரண்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்கப் போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

கேள்வி: 'அலர்ஜியே வராது' என்று சொல்லித்தானே சார் விற்கிறார்கள்?

அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது. தும்மலுக்குக் காரணம் நாயின் எச்சில், தோல் செதில், சிறுநீர் ஆகியவற்றில் உள்ள புரதங்கள். நாய் உடம்பை நக்குகிறது, எச்சில் முடியில் காய்கிறது, தூளாகிப் பறக்கிறது. முடி கொட்டாத நாயும் நக்கத்தானே செய்யும்? 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், அலர்ஜி தரும் முக்கியப் புரதமான 'கேன் எஃப் 1' மற்ற நாய்களைவிட லாப்ரடூடில் முடியில் குறைவாக இல்லை. அந்த வீடுகளின் தரைத் தூசியில் மட்டும் சற்றுக் குறைந்திருந்தது. காற்றில் வித்தியாசம் இல்லை.

கேள்வி: வளர்ந்தபின் முடி கொட்டுமா என்று குட்டியிலேயே தெரியுமா?

உறுதியாகத் தெரியாது. முகவாயில் தாடியும் அடர்ந்த புருவமும் இருந்தால் கொட்டுவது குறையும். லாப்ரடூடிலை மறுபடி பூடிலோடு இணைத்துப் பிறந்த குட்டிகளுக்குச் சுருள்முடி வாய்ப்பு அதிகம்.

கேள்வி: பராமரிப்பு கஷ்டமா?

கஷ்டம்தான். கொட்டாத முடி காதுக்குப் பின்னாலும், அக்குளிலும், கழுத்துப்பட்டைக்கு அடியிலும் சிக்குப் பிடிக்கும். சீப்பு தோல்வரை இறங்க வேண்டும். குளித்தபின் காதைத் துடைக்காவிட்டால் சீழ் வைக்கலாம். தினமும் நன்றாக ஓடவும் விட வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு வீசிங் இருக்கிறது. வாங்கலாமா?

முதலில் அலர்ஜி டாக்டரைப் பாருங்கள் அம்மா. அவர் சரி என்றால், நீங்கள் வாங்கப்போகும் அதே நாயோடு, பல நாள், மூடிய அறையில் பாப்பா இருந்து பார்க்கட்டும். வேறு லாப்ரடூடிலோடு இருந்து பார்த்துப் பயனில்லை. தாய், தகப்பன் நாய்களின் இடுப்பெலும்பு, கண் பரிசோதனைச் சான்றையும் கேளுங்கள். காட்டத் தயங்குபவரிடம் குட்டி வாங்காதீர்கள்.