மேலே தெரியும் விரிசல் எங்கே தொடங்கியது? – ஓவியம், சிற்பம் கேள்வி பதில்

கேள்வி: ஆயில் கலரில் வரைந்த படம் ஒரு வருடத்துக்குள் கோடு கோடாக வெடித்துவிட்டது. கலர் மட்டமான தரமா?

கலரைத் திட்டுவதற்கு முன், எதன்மேல் எதைப் பூசினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆயில் கலர் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. எண்ணெய் கூடக்கூட இறுகும் காலமும் நீளும். அடியில் எண்ணெய்ச் சத்துள்ள பூச்சு இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போது, மேலே, கலரை நீர்க்கவைக்கும் டர்பன்டைன் கலந்த வறண்ட பூச்சு விறைத்துவிட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்?

முதல் பூச்சுக்கு டர்பன்டைன் மட்டும் போதும். அடுத்ததற்கு மூன்று பங்கு டர்பன்டைனுக்கு ஒரு பங்கு எண்ணெய். கடைசிப் பூச்சுகளுக்கு இரண்டும் சரிபாதி. இதற்கு மேல் எண்ணெய் விட்டால் மேற்பரப்பு சுருங்கி மஞ்சளடிக்கும்.

கலருக்குக் கலர் குணமும் மாறும். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்புக் கலரில் மாங்கனீஸ் இருப்பதால் ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாது. அடிக்கோலம் போட அதுவே நல்லது. ஐவரி பிளாக் என்ற கறுப்பு நேர் எதிர், மெதுவாகத்தான் காயும். அதைத் தடிமனாக அடியில் அப்பிவிட்டு மேலே வெளிச்சம் வைப்பவர்கள் விரிசலை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள்.

கேள்வி: ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) அடிக்காமல் கேன்வாஸில் நேராக ஆயில் கலர் பூசலாமா?

கூடாது. எண்ணெய் துணியில் இறங்கினால் நூலிழைகள் நாளடைவில் மொடமொடத்து உதிரும். ஜெஸ்ஸோ இரண்டு அல்லது மூன்று கை, ஒன்று நெடுக்கில், ஒன்று குறுக்கில். ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். இன்னொன்று: தண்ணீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் கலர்மேல் ஆயில் வரலாம், ஆயில்மேல் அக்ரிலிக் வரக்கூடாது, உரிந்து வரும்.

கேள்வி: காய்ந்த படத்தில் கறுப்பும் பழுப்பும் உள்ள இடங்கள் மட்டும் மங்கிக் கிடக்கின்றன. மறுபடி பூசவா?

வேண்டாம். அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டதால் வரும் மங்கல் அது. படம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருந்தால், எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து பிசிறு உதிராத துணியால் மங்கிய இடத்தில் மட்டும் தடவி, சில நிமிடம் விட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். தடித்த பூச்சென்றால் ஒரு வருடம்.

கேள்வி: களிமண்ணில் ஆள் அளவுத் தலை செய்தால் இரண்டாம் நாள் கழுத்து முன்னால் சாய்ந்துவிடுகிறது. மண்ணில் குறையா?

குறை உள்ளே இருக்கும் கம்பிக்கூட்டில். பெரும்பாலோர் பலகையில் தண்டை நடுவில் செங்குத்தாக நட்டுவிடுகிறார்கள். மனிதக் கழுத்து செங்குத்தாக நிற்பதில்லை. தோளிலிருந்து முன்பக்கமாகச் சாய்ந்து எழுகிறது. அதனால் முகம் முழுவதும் தண்டுக்கு முன்னால் தொங்கும், பிடரியில் தண்டு வெளியே எட்டிப் பார்க்கும். முதலில் பக்கவாட்டுத் தோற்றத்தை நிஜ அளவில் தாளில் வரைந்து, தண்டும் கம்பி வளையமும் அந்தக் கோட்டுக்கு எல்லா இடத்திலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே அடங்குகின்றனவா என்று வைத்துப் பாருங்கள்.

அலுமினியக் கம்பி நல்லது. வெறும் இரும்பு ஈரமண்ணில் துருப்பிடிக்கும். வளையத்துக்குள் இரண்டு சின்னக் குச்சிகளைக் குறுக்காகக் கட்டித் தொங்கவிட்டால் மண் வழுக்கி இறங்காது. பிரெஞ்சுக் கலைஞர் டெகா 1881இல் காட்சிக்கு வைத்த பதினான்கு வயது நடனச் சிறுமியின் மெழுகுச் சிலையை எக்ஸ்ரே எடுத்தபோது, உள்ளே தூரிகைக் காம்புகள்கூட இருந்தன. கூடு அழகாக இருக்க வேண்டியதில்லை, சுமக்க வேண்டும்.

கேள்வி: சூளையில் வைத்த சிலை வெடித்தது. உள்ளே காற்றுக்குமிழி இருந்ததுதான் காரணம் என்கிறார்கள்.

பாவம், காற்றுக்குமிழியின்மேல் வீண்பழி. குற்றவாளி ஈரம். 100 டிகிரி செல்சியஸில் தண்ணீர் நீராவியாகிறது. தடித்த மண்ணிலிருந்து அது வெளியேற வழியில்லாவிட்டால் பிளந்துகொண்டு வரும். மண் தோல்போல் விறைத்த பதத்தில் தலையைக் கம்பியால் இரண்டாக அறுத்து, சுவர் ஒன்றரை சென்டிமீட்டர் வரும்வரை உள்ளே குடைந்தெடுங்கள். வெட்டிய முகங்களைக் கீறி, களிக்குழம்பு தடவி, அழுத்தி ஒட்டுங்கள். கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு துளை விடுங்கள். சுடப்போகும் சிலைக்குள் கம்பிக்கூடு இருக்கக் கூடாது. மண் சுருங்கும், கம்பி சுருங்காது.

பாலிதீன் போர்த்தி நிதானமாகக் காயவிடுங்கள். காய்ந்ததா என்று அறியச் சிலையைக் கன்னத்தில் வையுங்கள். ஜில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

கேள்வி: அச்சு எடுக்கக் கரைத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சில நேரம் கட்டி தட்டுகிறது, சில நேரம் சாக்பீஸ்போல் உதிர்கிறது.

தண்ணீரில் பவுடரைப் போடுங்கள். பவுடரில் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஒரு கிலோ பவுடருக்கு ஏறக்குறைய 700 மில்லி. பரவலாகத் தூவி, ஓரிரு நிமிடம் தானாக ஊறவிட்டு, கையை மேலே எடுக்காமல் அடியிலேயே கிளறினால் நுரை வராது. இறுகத் தொடங்கியபின் தண்ணீர் விட்டுத் தளர்த்துவதால்தான் உதிர்கிறது. பழைய பிளாஸ்டர் ஒட்டிய பாத்திரத்தில் கரைத்தால் சீக்கிரம் இறுகிவிடும். இறுகும்போது சூடு ஏறும் என்பதால் கையை அச்சுக்காக அதில் புதைத்து வைக்கவே கூடாது. கழுவிய தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் ஊற்றினால் குழாய்க்குள்ளும் ஒரு சிற்பம் கிடைக்கும்.

கேள்வி: பாதி வேலையில் யோசனை மாறிவிடுகிறது. முதலில் தீர்மானித்ததிலேயே நிற்க வேண்டுமா?

அவசியமில்லை. 1937இல் பிக்காசோ 'குவெர்னிகா' என்ற பெரிய ஓவியத்தை வரைந்தபோது புகைப்படக் கலைஞர் தோரா மார் கட்டம் கட்டமாக எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் முஷ்டி மடக்கி உயர்ந்திருந்த ஒரு கை பின்னால் காணாமல் போனது. குனிந்திருந்த குதிரையின் தலை நிமிர்ந்தது. மாற்றலாம், ஆனால் எதற்காக மாற்றுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். தினமும் வேலை முடிந்ததும் ஒரு படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, இடவலம் மாற்றிப் பாருங்கள். வெளிச்சமும் எடையும் எங்கே தவறுகின்றன என்று புலப்படும். மாற்றப்போவது பெரிய பகுதியென்றால் பழைய கலரைச் சுரண்டியெடுத்துவிட்டே தொடருங்கள். இல்லையெனில் முதல் கேள்விக்குத் திரும்பி வருவீர்கள்.

கேள்வி: எண்ணெய் துடைத்த துணி தானாகத் தீப்பிடிக்கும் என்பது நிஜமா?

நிஜம். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு விடும். கசக்கிக் குவித்த துணியில் அந்தச் சூடு வெளியேறாமல் சேர்ந்து பற்றும். வெளியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுவையுங்கள்.